மழையின் பேரில்

பிப்ரவரி 3
ஆலைக் குடியிருப்பு

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் இருக்கிறோம். என் இருமலும் கூடவே இருக்கிறது. அது இல்லாவிட்டால்தான் வீடு வெறிச்சென்று ஆகிவிடும். நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? உன் முதுகுவலி இப்போது எப்படி?

போனில் கேட்கலாமே என்பாய். போனில் கேட்டால் "அண்ணா, மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. பிரித்துவிட்டால் படித்துத்தான் ஆகவேண்டும்.

ஆலை வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். உலக ஒப்பந்தத்தில் நாடு கொடுத்த வாக்குப்படி பசுமை இல்ல வாயுக்களைக் குறைக்க வேண்டுமாம். அதனால் எங்கள் சிமெண்ட் ஆலைச் சூளை இந்த வருஷத்துக்குள் நிறுத்தப்படுமாம். பசுமை இல்ல வாயு! பேரைக் கேட்டால் பூந்தோட்டம் மாதிரி இருக்கிறது. நோட்டீஸின் அடியில் உன் துறையின் முத்திரை.

நான் எதிர்க்கிறேன் என்று நினைத்துவிடாதே. எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் அந்த ஒப்பந்தத்தின் மொழிபெயர்ப்பை நூலகத்திலிருந்து கொண்டுவந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுவதும் படித்துவிட்டேன். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கல்லே கரியமில வாயுவைக் கக்கும். எரிபொருளை மாற்றலாம், கல்லை மாற்ற முடியாது. வெயில் ஏறியிருப்பது சூளைக்கு முன்னால் நிற்கிறவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாமியாரை நிறுத்தத்தான் வேண்டும் என்றால் நிறுத்தட்டும்.

மாமியார் என்றால் எங்கள் சூளை. ஒரு தெரு நீளத்துக்குப் படுக்கவைத்த இரும்பு உருளை. உள்ளே நெருப்பு, சதா சுழன்றுகொண்டே இருக்கும். எப்போதும் சூடு, கொஞ்சம் கண்ணயர்ந்தால் ரகளை. அதனால் எனக்கு முந்தைய ஆபரேட்டர்கள் வைத்த பேர் அது. "எனக்கு வாய்ச்ச ரெண்டு மாமியார்ல இவதான் உங்களை வீட்டுக்கே விடல" என்பாள் உன் அண்ணி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். "மாமியாருக்கு மறுகல்யாணம்ணே" என்கிறான் எங்கள் ஆலைக் கிரேன்காரன். துண்டு துண்டாக வெட்டிக் கப்பலில் ஏற்றி, வேறொரு நாட்டில் மறுபடி பொருத்தி ஓட்டப்போகிறார்களாம். உண்மையா? சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறதா?

பதில் போடு.

உன் அண்ணன்


பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கையின் வணக்கம். உங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். இருமலை நினைத்துக் கவலைப்பட்டேன். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தீர்களா? நாங்கள் நலம். முதுகுவலி என்னோடு பழகிவிட்டது.

நீங்கள் கேட்டதற்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். புகை எந்த நாட்டின் எல்லைக்குள் எழுகிறதோ, அது அந்த நாட்டின் கணக்கு. அப்படித்தான் உலகம் ஒத்துக்கொண்டிருக்கிறது. இங்கே சூளை நின்றால் இங்கே குறைந்ததாக அர்த்தம். நின்ற பிறகு அந்த இரும்பை உரிமையாளர் யாருக்கு விற்கிறார் என்பது வியாபாரம். ஒப்பந்தம் அதற்குள் போவதில்லை.

இது குறையுள்ள முறை என்பது எங்களுக்கும் தெரியும். ஒரே நாளில் எல்லாம் வந்துவிடாது அண்ணா.

உங்கள் பிள்ளை பெரியவன் எப்படி இருக்கிறான்? ஆலை மூடினால் அவனுக்கு வேறு வேலை பார்த்திருக்கிறீர்களா? மருமகளை விசாரித்ததாகச் சொல்லுங்கள். மாத்திரைகளை மறக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை


மார்ச் 9

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நெஞ்சைப் படம் எடுக்கவில்லை. உள்ளே சிமெண்டுதான் இருக்கும், அதை எதற்குப் படம் பிடிக்க?

உன் கடிதத்தைக் கேண்டீனில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கிரேன்காரன் சிரித்தான். "அப்ப நம்ம வீட்டுக் குப்பையைப் பக்கத்து வீட்டுல கொட்டிட்டா நம்ம வீடு சுத்தம். சரிதானே அண்ணே?" என்றான். நான் சிரிக்கவில்லை. குப்பையாவது அந்த வீட்டிலேயே கிடக்கும். இது எல்லார் தலைக்கு மேலும் ஏறி நிற்கிற சமாச்சாரம்.

வேலை போவதைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுதவில்லை, கவனித்தாயா? இந்த ஆலையில் இருக்கிற அத்தனை பேரும் வானத்துக்காக வேலையை விடச் சொன்னால் விடுவோம். ஆனால் அந்தப் புகை நிஜமாக நிற்கவேண்டும். எங்களையும் நிறுத்திவிட்டு அதையும் ஓட்டினால் அதற்குப் பேர் என்ன?

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மூடும் உத்தரவு உன் மேசையிலிருந்துதானே வருகிறது? அதில் ஒரு வரி சேர்: நிறுத்தப்படும் சூளையை உடைத்துவிட வேண்டும், மறுபடி எங்கும் ஓட்டக் கூடாது. அவ்வளவுதான்.

நிறுத்துவதும் லேசான வேலை இல்லை, அதையும் தெரிந்துகொள். சூடாக இருக்கும்போது சும்மா நிறுத்தினால் தன் கனத்தாலேயே நடுவில் தொய்ந்து வளைந்துவிடும். வளைந்தால் பழைய இரும்புதான். ஆறுகிற வரைக்கும் கால் சுற்று, கொஞ்சம் ஓய்வு, மறுபடி கால் சுற்று என்று திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். சூட்டோடு நிற்கும்போது மழை பெய்தால் போச்சு. கரண்ட் போனால் திருப்புவதற்கென்று ஒரு டீசல் என்ஜின் வைத்திருக்கிறோம். அதை வாரா வாரம் நானே கிளப்பிப் பார்ப்பேன். ஒரு தடவை கூட மக்கர் பண்ணியதில்லை. இவ்வளவு பக்குவமாக நாங்கள் ஆற வைத்துக் கொடுப்பது இன்னொருவன் பற்றவைப்பதற்கா?

அந்த ஒரு வரி. எழுது.

உன் அண்ணன்


ஏப்ரல் 21

தங்கச்சிக்கு,

சுகமா? உன் பதில் வரவில்லை. தபால்காரரைச் சந்தேகப்பட்டு அவரிடம் சண்டைக்குப் போய்விட்டேன். "உங்க தங்கச்சி எழுதாததுக்கு நான் என்னங்க பண்ணுவேன்?" என்றார். நியாயம்தான்.

அந்த வரி என்ன ஆயிற்று?

அண்ணன்


மே 20

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னியுங்கள். பேச்சுவார்த்தைக்காக வெளிநாடு போயிருந்தேன். மண்டபத்தில் அப்படி ஒரு குளிர். கோட்டுப் போட்டால்தான் உட்கார முடியும். உலகம் சூடாவதைப் பற்றிப் பேசப் போய் ஜலதோஷத்தோடு திரும்பி வந்தேன்.

நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. மூடிய ஆலைகளின் இயந்திரங்கள் வேறு நாட்டுக்குப் போகக் கூடாது என்று எங்கள் தரப்பில் ஒரு ஷரத்து கொண்டுபோனோம். நானே எழுந்து பேசினேன். இரண்டு நாள் அதைப் பற்றித்தான் பேச்சு. மற்றதை நேரில் சொல்கிறேன்.

பெரியவனைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எல்லாம் நல்லபடியாக நடக்கும். அண்ணியிடமும் அப்படியே சொல்லுங்கள்.

அங்கே வெயில் அதிகம் என்று கேள்விப்பட்டேன். நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

அன்புடன்,
தங்கை


ஜூன் 11

தங்கச்சிக்கு,

தண்ணீர் குடிக்கிறேன். உன் ஜலதோஷம் விட்டதா?

பெரியவனைப் பற்றி நான் கேட்கவே இல்லை. நீயாகக் கவலைப்படாதே என்று எழுதினாய். எழுதி ரெண்டு வாரத்தில் அவனுக்கு ஆர்டர் வந்துவிட்டது. சூளையைப் பிரித்து, கூடவே போய், அந்த நாட்டில் மறுபடி பொருத்தும் குழுவில் அவன் ஃபிட்டர். மூன்று வருஷ ஒப்பந்தம், குடும்பத்தோடு போகலாம், குடியிருக்க வீடு. எங்கள் ஆலையிலிருந்து அவன் ஒருவன்தான். அவனைவிடக் கைத்திறன் உள்ளவர்கள் இருக்கிறார்கள். பெற்ற பிள்ளை என்பதற்காக நான் பொய் சொல்ல மாட்டேன்.

மருமகள் குதிக்கிறாள். உன் அண்ணி அழுதாள், பிறகு அவளும் பெட்டி வாங்கக் கடைக்குப் போனாள். பெரியவன் இனிப்போடு வந்து என் முன்னால் நின்றான்.

"என்னப்பா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?"

"மாமியாரோட நீயும் சீதனமா போற. வேறென்ன சொல்ல?"

"வேலைப்பா அது. வேலை. உங்களுக்கு வானம், எனக்குப் புள்ளை குட்டி."

இனிப்பை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். எறும்பு தின்றது.

ரெண்டு கேள்வி. நேராகப் பதில் சொல். அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது நீயா? அந்த ஷரத்து என்ன ஆயிற்று? நேரில் சொல்கிறேன் என்கிறாய். நீ இங்கே வந்து நாலு வருஷம் ஆகிறது.

நிறுத்தும் தேதியை முன்னுக்கு இழுத்து ஆகஸ்டிலேயே வைத்துவிட்டார்கள். வாங்குகிறவர்களுக்கு அவசரமாம்.

அண்ணன்


ஜூலை 18

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். இங்கே வேலையில் மூச்சுவிட முடியவில்லை.

பேச்சுவார்த்தை என்பது ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவது. புதிதாகக் கட்டும் ஆலைகளின் புகையை வெளியாள் வந்து அளந்து பார்க்கலாம் என்று எதிர்த் தரப்பு ஒத்துக்கொண்டது. அது பெரிய விஷயம். பல வருஷமாக நாங்கள் கேட்டு வந்தது. அதற்காகச் சிலவற்றை விடவேண்டி வந்தது.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. பெரியவன் நன்றாக இருக்கட்டும் அண்ணா. அதில் மட்டும் சண்டை வேண்டாம்.

டாக்டரைப் பார்த்தீர்களா? அடுத்த கடிதத்தில் அதை முதலில் எழுதுங்கள்.

தங்கை


ஆகஸ்ட் 24

தங்கச்சிக்கு,

டாக்டரைப் பார்க்கவில்லை. மற்றபடி சுகம்.

மாமியாரை நிறுத்தியாயிற்று. மத்தியானம் மேனேஜர் மைக்கில் பேசினார். பூமியைக் காக்கும் வரலாற்று நாள் என்றார். கை தட்டச் சொன்னார்கள், தட்டினோம். நெருப்பை நான்தான் அணைத்தேன்; அது மூத்த ஆபரேட்டரின் வேலை. உள்ளே சிவப்பு மங்குகிறதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.  

சாயங்காலம் இருட்டிக்கொண்டு வந்தது. இந்த மாதத்தில் இங்கே மழை கிடையாது. அப்படி ஒரு மழை வந்தது. கரண்ட் போயிற்று. டீசல் என்ஜின் கிளம்பவில்லை.

காலையில் பார்த்தபோது நடுவில் தொய்ந்து வளைந்துவிட்டிருந்தது. பாயைச் சுருட்டி ரெண்டு முனையிலும் பிடித்துத் தூக்கினால் நடுவில் தொங்குமே, அப்படி. இனி ஒரு சுற்று கூட சுற்றாது.

வேறு விசேஷம் இல்லை.

அண்ணன்


செப்டம்பர் 15

அன்புள்ள அண்ணனுக்கு,

அன்பு வணக்கம். இந்தக் கடிதத்தைக் கேண்டீனில் படிக்காதீர்கள். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

வாரா வாரம் நீங்களே கிளப்பிப் பார்க்கிற என்ஜின். ஒரு தடவை கூட மக்கர் பண்ணாத என்ஜின். நான் எதுவும் கேட்கவில்லை. நீங்களும் எதுவும் எழுத வேண்டாம். நான் அரசாங்க அதிகாரி. எழுதினால் எனக்குத் தெரிந்ததாக ஆகிவிடும்.

விபத்து அறிக்கை என் மேசைக்கு வந்துவிட்டது. பருவம் தப்பிய கனமழை, என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தது என்று இருக்கிறது. எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பது பராமரிப்பு ஃபிட்டர். பெரியவன். காப்பீட்டுக்காரர்கள் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். வாங்க இருந்தவர்கள் பழைய சூளையை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது உங்களுடையதை விடப் பெரியது.

இன்னொன்றும் இருக்கிறது. வேறு வழியாக உங்கள் காதுக்கு வருவதை விட நானே சொல்லிவிடுகிறேன். காலநிலை மாற்றத்தால் நாட்டுக்கு நேர்ந்த சேதங்களை வருஷா வருஷம் உலக அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த வருஷ அறிக்கையில் உங்கள் சூளையும் சேர்ந்திருக்கிறது.

நீங்கள் ஜூனில் கேட்ட ரெண்டு கேள்விக்கும் இப்போது பதில் சொல்கிறேன். அந்த ஷரத்தை விடுகிறோம் என்று எழுந்து சொன்னவளும் நான்தான். மறுநாள் பெரியவனுக்காக ஒருவரிடம் பேசியதும் நான்தான். சின்ன வயதிலிருந்து உங்களுக்கு எது வேண்டுமென்றாலும் வாய்விட்டுக் கேட்டதே இல்லை, கோபமாகத்தான் பேசுவீர்கள். என்ன வேண்டும் என்று நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்தத் தடவையும் அப்படித்தான், பிள்ளையை நினைத்துத்தான் இப்படி எழுதுகிறீர்கள் என்று நினைத்தேன்.

அவன் கையெழுத்தை நினைத்துப் பாருங்கள் அண்ணா. நீங்கள் வாயைத் திறந்தால் அவன் பொய் எழுதியவன் ஆகிவிடுவான். கெஞ்சிக் கேட்கிறேன்.

தங்கை


செப்டம்பர் 24

மதிப்பிற்குரிய காலநிலை ஒப்பந்தப் பிரிவு அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் மூடப்பட்ட சிமெண்ட் ஆலையின் மூத்த சூளை ஆபரேட்டர்.

தங்கள் சேத அறிக்கையில் எங்கள் சூளை மழையால் கெட்டதாக இருப்பதாக அறிந்தேன். அது தவறு. கரண்ட் போனதும் டீசல் என்ஜினிடம் முதலில் போனவன் நான். டீசல் வரும் வால்வை மூடினேன். பிறகு கிளப்புவது போல் கிளப்பினேன். அது எப்படிக் கிளம்பும்? மற்றவர்கள் ஓடிவந்து அவர்களும் முயன்று பார்த்தார்கள். வால்வின் மேல் என் துண்டைப் போட்டிருந்தேன். மழைச் சத்தத்தில் அதை யாரும் தூக்கிப் பார்க்கவில்லை. நான் ஒருவனே செய்தேன். என் மகன் அப்போது அந்த இடத்தில் இல்லை. மறுநாள் தான் கண்டதைக் கொண்டு எழுதினான்.

அந்த ஆலை இங்கே ஓடியபோது விட்ட புகையை நான் பார்த்தவன். காலமெல்லாம் வானத்தைக் கெடுத்த இரும்பை, வானம் கெட்டதால் அடிபட்டது என்று உலகத்துக்கு எழுதி அனுப்புவீர்களா? மழை வந்தது உண்மை. சூளையை வளைத்தது நான். என் வேலைக்கு மழையின் பேரைப் போட நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

திருத்தவும். தண்டனை உண்டென்றால் என் விலாசம் தங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
சூளை ஆபரேட்டர்


நவம்பர் 6

ஐயா,

தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றது. மேற்படி சேத அறிக்கை உலக அமைப்புக்கு ஏற்கெனவே அனுப்பி வைக்கப்பட்டுவிட்டதால் அதில் திருத்தம் செய்ய இயலாது என்று தெரிவித்துக்கொள்ளப்படுகிறது. தங்கள் கடிதம் சம்பந்தப்பட்ட பிரிவின் கவனத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது.

காலநிலை ஒப்பந்தப் பிரிவு அதிகாரி

(கீழே, கையெழுத்தில்)

அண்ணா, இருமல் எப்படி? புதிய சூளைக்கும் பெரியவனையே எடுத்துக்கொண்டார்கள். அண்ணியிடம் சொல்லுங்கள். குளிர் வந்துவிட்டது, காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள்.


டிசம்பர் 2

மதிப்பிற்குரிய சம்பந்தப்பட்ட பிரிவுக்கு,

நீங்கள் எத்தனை பேர், ஆணா பெண்ணா, உங்களுக்கு முதுகுவலி உண்டா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. எல்லோரும் சுகமாக இருங்கள்.

உங்கள் அலுவலகத்தில் என் தங்கச்சி ஒருத்தி வேலை பார்க்கிறாள். அவளைப் பார்த்தால் இதையெல்லாம் சொல்லிவிடுங்கள்.

இருமல் குறையவில்லை. காதை மூடிக்கொண்டுதான் போகிறேன். யாரும் பேசுவது கேட்காமல் இருக்க அது சௌகரியமாகவும் இருக்கிறது. மாமியார் அப்படியே வளைந்து கிடக்கிறாள். வெட்டி எடுக்க இன்னும் யாரும் வரவில்லை. தொய்ந்த இடத்தில் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கிறது. கிரேன்காரன் வேறு ஊருக்குப் போய்விட்டான்.

என் கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டிருந்தேன். மறுநாள் காலையில் நான் போய்ப் பார்த்தபோது அந்த வால்வு திறந்திருந்தது. என் துண்டு மடித்துப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. எனக்கு முன்னால், அறிக்கை எழுதுவதற்காக, அங்கே போயிருந்தவன் ஒருவன்தான். நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவன் என்னோடு பேசுவதும் இல்லை.

நேற்று குடும்பத்தோடு கிளம்பினான். பஸ் வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவளுடைய அண்ணி அழுதாள். மருமகள் காலில் விழுந்தாள். அவன் பெட்டிகளை மேலே ஏற்றிவிட்டு, ஏறப்போனவன் திரும்பி என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அங்கேயும் மழை பெய்யும்ப்பா" என்றான்.

என்னைப் போல் தானும் செய்வேன் என்கிறானா, என்னைக் குத்துகிறானா? வாய் தானாகச் சொல்லிவிட்டது: "டீசல் என்ஜினை வாரா வாரம் கிளப்பிப் பார்."

"பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டான்.

நிச்சயம் பார்ப்பான். கெட்டிக்காரன். அந்தச் சூளை வளையாது.

இப்படிக்கு,
அவளுடைய அண்ணன்